சட்டையில் இருந்த வாசனை

ஒச்சம்மாள் தன் புருஷனுக்காக அழுதது, அவன் செத்து ஆறு வருஷம் கழிந்த பிறகுதான்.

அதற்கு முன்னால் அழுகை வராமல் இல்லை. வந்தது, அவள் விடவில்லை. சோற்றில் கை வைக்கும்போது வரும். படகுத்துறையில் யாராவது அவனைப் போலத் தோளை ஒரு பக்கம் சாய்த்து நடந்து போனால் வரும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சத்தியத்த மீறுன மனுசனுக்கு எதுக்கு அழுகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அவன் பெயர் அழகர். உசிலம்பட்டிப் பக்கம் தொடர்ந்து மழை பொய்த்தபோது, கல்யாணமான நான்காம் மாதம் இருவரும் ரயிலேறி கொச்சிக்கு வந்தார்கள். அது 1952. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வரிசையாக நின்ற பண்டகசாலைகளில் அவனுக்குச் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. காயலில் வந்து நிற்கும் வள்ளங்களிலிருந்தும் பாய்மரக் கப்பல்களிலிருந்தும் மூட்டைகளை இறக்கிக் கிடங்கில் அடுக்க வேண்டும். அவளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு இஞ்சிக் களத்தில் வேலை. தோல் சீவிய இஞ்சியை வெயிலில் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவதும்.

அழகருக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு பள்ளுருத்திக் கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். குடித்துவிட்டு அடிக்கிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே வந்து படுத்துவிடுவான். அதனால் ஒச்சம்மாளும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை.

1954-இல் அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடத்திதான் ஆள் கூட்டி வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அழகரைத் தேடிப் போனவனுக்கு அவன் எந்தக் கடையில் இருக்கிறான் என்று தெரியவில்லை. ஆண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. தகவல் தெரிந்து அழகர் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியில் சுற்றியிருந்த பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டு, "இனி என் நாக்குல அது படாது புள்ள. பட்டா என் பொணத்த நீ பாக்காத" என்றான்.

சொன்னபடி நடந்தான். கூட்டாளிகள் கள்ளுக்கடைக்குத் திரும்பும்போது இவன் மட்டும் ஒரு சாயாக்கடையில் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றுவிட்டு நேரே வீட்டுக்கு வருவான். இரண்டு வருஷம் ஒரு துளி இல்லை. அந்த இரண்டு வருஷமும்தான் ஒச்சம்மாள் வாழ்ந்த வாழ்க்கை. பிள்ளை போன துக்கம் இருவருக்கும் நடுவில் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1956 மே மாதக் கடைசியில், மழைக்காலத்துக்கு முன் வரும் கடைசிப் பாய்மரக் கப்பல் ஒன்று வடக்கிலிருந்து கொண்டைக்கடலை ஏற்றிக்கொண்டு வந்தது. வழியில் கடல் தண்ணீர் கசிந்து அடி மூட்டைகள் நனைந்துவிட்டன. துறைக்கு வந்ததும் கோடை மழை பிடித்துக்கொண்டது. சரக்கறையின் வாயைப் பலகை போட்டுத் தார்ப்பாயால் இறுக்கி மூடி, பத்து நாள் அப்படியே வைத்திருந்தார்கள். மழை விட்ட ஒரு காலையில் மூடியைத் திறந்தார்கள். முதலில் இறங்குகிறவன் எப்போதும் அழகர்தான்.

ஏணியில் இறங்கினான். மூட்டை மேல் கால் வைத்தான். கயிறு கேட்டுக் கையை உயர்த்தினான். உயர்த்திய கை கீழே வரும்போது ஆளும் சேர்ந்து சரிந்தான். அவனோடு சுமை தூக்கும் முகமது இஸ்மாயில் மேலே நின்றவன், "என்னடா அழகரு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் இறங்கினான். பாதி ஏணியில் அவனுக்கும் கால் நழுவியது. நல்லவேளை, அவன் இடுப்பில் கயிறு இருந்தது. இழுத்துப் போட்டார்கள். கொக்கி போட்டு அழகரைத் தூக்கி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இஞ்சிக் களத்திலிருந்து ஒச்சம்மாள் ஓடி வந்தாள். துறையின் கல்தளத்தில் மல்லாக்கக் கிடந்தான். ஒரு காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "ஏய்யா, எந்திரிய்யா" என்று அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள்.

கள் வாசனை அடித்தது.

புளித்த, நெஞ்சைக் கமறவைக்கும் வாசனை. சட்டை முழுவதும். அவள் முகத்தை எடுத்துக்கொண்டாள். பின்னால் யாரோ, "காலையிலேயே ஏத்திட்டு எறங்கியிருக்கான், அதான் தலை சுத்தி விழுந்துட்டான்" என்றது காதில் விழுந்தது. இஸ்மாயில் சற்றுத் தள்ளி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அதையும் பார்த்தாள். எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டாள். 'பட்டா என் பொணத்த நீ பாக்காத' என்று அவனே சொன்னதுதானே. அதன் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்து, மூச்சுத் திணறி இறந்ததாக எழுதிக்கொண்டு போனது. ஏன் திணறியது என்று யாரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்த அண்ணன் கூடவே வரச் சொன்னான். ஒச்சம்மாள் போகவில்லை. ஊருக்குப் போனால் குடித்துச் செத்தவன் பெண்டாட்டி என்பார்கள். இங்கே அதைச் சொல்கிற ஆட்களை அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட இன்னொரு ஆள் இஸ்மாயில். சேர்ந்து குடித்தவன் அவன்தான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். அவன் இரண்டு முறை வீட்டு வாசல் வரை வந்தான். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு அவன் துறைவேலையை விட்டுவிட்டுப் பள்ளுருத்தியில் சாயாக்கடை போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

1961-இல் இஞ்சிக் களம் கைமாறி, அவளுக்கு வேலை போயிற்று. அப்போது பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில்தான் சீதாலக்ஷ்மியைத் தெரிந்தது. பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த ஐயர் குடும்பம். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. எர்ணாகுளத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டீச்சர். "எங்க லேபில கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவி வெக்க ஒரு ஆள் வேணும். வரயா?" என்று கேட்டாள். ஒச்சம்மாள் போனாள்.

காலை எட்டரைப் படகில் இருவரும் சேர்ந்து காயலைக் கடப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைப் படகில் திரும்புவார்கள். படகில் சீதாலக்ஷ்மி புத்தகம் படிப்பாள், ஒச்சம்மாள் தண்ணீரைப் பார்ப்பாள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைத் தாண்டும்போது மட்டும் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

ஆய்வுக்கூட வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மாணவிகள் மலையாளத்தில் கலகலப்பார்கள், பாடம் இங்கிலீஷில் நடக்கும். இரண்டிலும் முக்கால்வாசி புரியாது. ஆனால் கையால் செய்கிற வேலை பார்த்தாலே புரிந்தது. பரிசோதனைக்கு முதல் நாள் கொண்டைக்கடலையை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்வது அவள் பொறுப்பு. முளைவிட்ட கடலையை ஒரு பிளாஸ்கிலும், வேகவைத்து ஆறவைத்த கடலையை இன்னொரு பிளாஸ்கிலும் போட்டு, வெப்பமானியைச் செருகிப் பஞ்சு அடைப்பார்கள். மறுநாள் முளைக்கடலையில் சூடு ஏறியிருக்கும், வெந்த கடலையில் ஏறியிருக்காது. அது ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்பதற்குத் தனக்கு உரிமை உண்டென்று தோன்றியதில்லை.

1962 அக்டோபரில் பூஜை விடுமுறை வந்தது. கல்லூரியைப் பத்து நாள் அடைத்தார்கள். திறந்த அன்று காலை ஒச்சம்மாள் அலமாரியைத் துடைக்கும்போது, பின்வரிசையில் ஒரு கண்ணாடி பாட்டில் அகப்பட்டது. பாதிவரை ஊறின கடலை, மேலே ரப்பர் அடைப்பு. யாரோ மாணவி மறந்துவிட்டுப் போனது. கழுவி வைக்கலாம் என்று அடைப்பைப் பிடித்து இழுத்தாள். 'டப்' என்று பிடுங்கிக்கொண்டு வந்தது.

வாசனை முகத்தில் அடித்தது.

பாட்டில் கை நழுவி உடைந்தது. சத்தம் கேட்டு சீதாலக்ஷ்மி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். ஒச்சம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சு? கைய கிழிச்சுண்டயா?"

"டீச்சரம்மா, இதுல கள்ள ஊத்துனது யாரு?"

"கள்ளா? கடலையும் தண்ணியும்தான் அதுல இருந்தது. வேற ஒண்ணும் இல்லை."

"எனக்குத் தெரியும்மா. இந்த வாசன எனக்குத் தெரியும். கள்ளுதான் இது."

சீதாலக்ஷ்மி குனிந்து, சிதறின கடலை ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "நீ சொன்னது சரிதான். சாராய வாசனைதான் அடிக்கறது. ஆனா யாரும் ஊத்தலை கேட்டயா, கடலையே பண்ணிண்டது."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு, அந்தக் கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து முதல் முறையாக, "எப்படி?" என்று கேட்டாள்.

அடுத்த மணிக்கு வகுப்பு இல்லை. சீதாலக்ஷ்மி முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். மாணவிகளுக்குச் சொல்வதைவிட நிதானமாகச் சொன்னாள்.

"ஒவ்வொரு கடலையும் உயிருள்ள வஸ்துவாக்கும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையா கோடிக்கணக்கில இருக்கு. செல்லுன்னு பேர். ஒவ்வொரு செல்லுக்கும் ஜீவிச்சிருக்க சக்தி வேணும். ஈரம் பட்டதும் கடலை முழிச்சுக்கறது. சேர்த்து வெச்சிருக்கற மாவைச் சர்க்கரையாக்கி, காத்தில இருக்கற பிராணவாயுவை எடுத்து, அந்தச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா எரிக்கறது. அடுப்பு மாதிரிதான், ஆனா தீயும் புகையும் கிடையாது. வர சக்தியில பாதிக்குக் கொறச்சலாத்தான் முளை விடறதுக்குப் பிடிச்சு வெச்சுக்கும். மிச்சம் சூடாப் போயிடும். அதனாலதான் பிளாஸ்கில சூடு ஏறறது. எரிச்சு முடிச்சா கரியமில வாயுவும் தண்ணியும் மிச்சம்."

"அப்ப மூடி வச்சா?"

"மூடி வெச்சா உள்ள இருக்கற பிராணவாயு தீந்துபோகும். ஆனா கடலை உடனே சாகாது. காத்தில்லாமலே சர்க்கரையை அரைகுறையா உடைச்சுப் பாக்கும். அதில கெடைக்கற சக்தி ரொம்பக் கொஞ்சம். ஆனா அந்தக் கொஞ்சத்தை வெச்சுண்டு சில நாள் தாக்குப் பிடிக்கும். அப்படி அரைகுறையா உடைக்கறச்ச மிஞ்சறதுதான் சாராயம்."

ஒச்சம்மாள் தரையில் சிதறிக் கிடந்த கடலையைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்: "கப்பல் நெறயக் கடல இருந்தா? நனஞ்ச கடல? பத்து நாள் மூடி வச்சிருந்தா?"

சீதாலக்ஷ்மிக்கு அழகர் கப்பலில் இறந்தான் என்ற அளவுக்குத்தான் தெரியும். இப்போது அவள் முகம் மாறியது. எழுந்து போய், விடுமுறைக்கு முன் முளைக்கடலை போட்டு மூடியிருந்த இன்னொரு ஜாடியைக் கொண்டுவந்தாள். தீக்குச்சியைக் கிழித்து, மூடியை விலக்கி உள்ளே விட்டாள். குச்சி வாயைத் தாண்டியதுமே அணைந்துவிட்டது, ஊதின மாதிரி.

"நம்ம தேகமும் செல்லாலதான் ஆனது. நாமளும் சர்க்கரையை எரிச்சுண்டுதான் நிக்கறோம். தசைன்னா கொஞ்ச நேரம் காத்தில்லாம ஒப்பேத்தும். மூளையால முடியாது. பிராணவாயு இல்லாத இடத்தில ரெண்டு மூச்சு இழுத்தாப் போதும், நினைவு தப்பிடும்."

"அவருக்கு வலிச்சிருக்குமா டீச்சரம்மா?"

சீதாலக்ஷ்மி அணைந்த குச்சியைக் கீழே வைத்தாள். "எனக்கு நிச்சயமாத் தெரியாது ஒச்சம்மா. படிச்சத வெச்சுச் சொன்னா, ரொம்ப நேரம் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒச்சம்மாள் மட்டாஞ்சேரியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பள்ளுருத்திக்குப் போனாள். இஸ்மாயிலின் சாயாக்கடையை இரண்டு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தாள். அவன் நரைத்துப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சாயாப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும். அன்னைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் குடிச்சிருந்தீங்களா?"

"தங்கச்சி, நான் என் ஆயுசுல தொட்டதில்ல. அவன் ரெண்டு வருஷமாத் தொடல. அன்னைக்குக் காலையில ஒன்னோட வீட்டுக் கஞ்சியக் குடிச்சுட்டு வந்தான். கருவாடு நல்லா இருந்துச்சுன்னு சொன்னான்."

"அப்ப அவர் சட்டையில..."

"என் சட்டையிலயும்தான் அடிச்சுச்சு. ஒன்கிட்டச் சொல்லலாம்னு ரெண்டு தடவ வந்தேன். நீ கதவச் சாத்திட்ட."

உள்ளேயிருந்து இஸ்மாயிலின் மனைவி வந்து கதவோரம் நின்றாள். "அந்தச் சட்டைய நான்தான் தொவச்சேன். குடிச்சுட்டு வந்துட்டீங்கன்னு ரெண்டு நாள் இவருக்குச் சோறு போடல. குரான் மேல கை வச்சு இவரு சொன்ன பெறகுதான் நம்புனேன்" என்றாள்.

ஒச்சம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் மூச்சுத்தான் பெரிதாக வந்தது. பிறகு குரல் வந்தது. "அய்யா, என் சாமி, ஒம் மொகத்தக்கூடப் பாக்காமப் போனேனே" என்று அவள் வாய்விட்டு அழுததில், சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். இஸ்மாயிலின் மனைவி வந்து அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால்தான் அழுகை ஓய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாளும் இஸ்மாயிலும் பஜார் ரோட்டுத் துறைக்குப் போனார்கள். சுமைகாரர்களின் தலைவரை மூப்பன் என்பார்கள். அப்போது மூப்பனாக இருந்தவர் செல்லப்பா. ஒச்சம்மாள் அவரிடம், நனைந்த கடலை மூச்சு விட்டு உள்ளிருக்கும் காற்றைத் தீர்த்துவிடும், அதனால் நனைந்த சரக்கு மூடிக் கிடந்தால் ஆள் இறங்கும் முன் எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள், அணைந்தால் இறங்காதீர்கள், மூடியைத் திறந்து நாள் முழுக்கக் காற்றாட விடுங்கள் என்று சொன்னாள்.

"கடலை மூச்சு விடும்னு யாரு பறஞ்சது?" என்று செல்லப்பா சிரித்தார்.

"நான் பாத்தேன். தெனமும் நான்தான் ஊறப்போடுறேன்" என்றாள்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் அழகர் செத்த அன்று ஏணியில் பாதி வழி இறங்கித் திரும்பிய இஸ்மாயில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால், சிரிப்பு நீளவில்லை. சில கப்பல்களில் விளக்கு இறக்கினார்கள், சிலவற்றில் மறந்தார்கள். 1965-இல் ஈரக் கொப்பரை ஏற்றி வந்த ஒரு பெரிய வள்ளத்தில் விளக்கு அணைந்ததாகவும், மறுநாள்தான் ஆள் இறங்கியதாகவும் இஸ்மாயில் வந்து சொன்னான். ஒச்சம்மாள் கேட்டுக்கொண்டாள். விளக்கு இறக்குவதை யார் ஆரம்பித்தார்கள் என்று அதற்குள் துறையில் யாருக்கும் நினைவில்லை.

கோபம் போனால் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆறு வருஷம் கோபம் அடைத்து வைத்திருந்த இடத்தில் அவன்தான் வந்து நின்றான். ஏதேதோ ஞாபகம் வந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, "ஏ புள்ள, புது மூட்டைக்குள்ள கைய விட்டா உள்ள கதகதன்னு இருக்கு, உசுரு இருக்குற மாதிரி" என்று ஒரு நாள் சொன்னானே, அப்போது அவள் உலை கொதிக்கிற அவசரத்தில் "ஆமா, பேசும்" என்று எகத்தாளம் பண்ணினாளே, அது வந்தது. அவன் சொன்னது சரி. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஏதாவது புதிதாகப் பார்த்தால், இன்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் தன்பாட்டுக்கு எடுத்து வைக்கும். சுண்ணாம்புத் தெளிநீரில் வாயால் ஊதினால் பால் மாதிரி ஆகிறது. கடலையின் மூச்சு பட்டாலும் அதே போல ஆகிறது. இலைகூடச் சதா மூச்சு விடுகிறது. சொல்லச் சொல்ல அவன் எப்படிக் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பான், எங்கே நம்பமாட்டான், எங்கே சிரிப்பான் என்று அவளுக்குத் தெரியும். சீதாலக்ஷ்மி கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும், புதிதாக வந்த டீச்சரிடம் ஒச்சம்மாள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. மாணவிகள் சிலர் பாடத்தில் சந்தேகம் என்றால் முதலில் அவளிடம் வந்து கேட்கும் அளவுக்கு ஆயிற்று.

ஐந்தரைப் படகில் இப்போது அவள் தனியாகத்தான் திரும்புவாள். கப்பல்கள் நிற்கும் பக்கமாகவே உட்காருவாள். அன்றன்று சேர்த்ததை மனசுக்குள் ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். பாதி சொல்வதற்குள் மட்டாஞ்சேரி வந்துவிடும்.